நாள் சொன்னவர் நிக்கணும்

காலை அந்தப் பக்கம் வச்சுக்கோ கண்ணு, அத்தை மேல போடாத. ஆங், அப்படி. இப்ப சொல்றேன். நீ "ம்" கொட்டணும், தெரியும்ல? கொட்டலைன்னா கதையை அங்கேயே நிறுத்திட்டு நான் தூங்கிடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ராசான்னு எல்லாரும் ஆரம்பிப்பாங்க. நான் மாட்டேன். ராசா மெதுவா வரட்டும், அவருக்கு என்ன அவசரம்? ஒரு ஊர்ல ஒரு பிடிவாதக்காரி இருந்தா.

அவ பேரு சிக்கம்மா. ஆளு கட்டை, குரல் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும். அவ புருசன் மாதையன் நல்ல உசரம், ஆனா குரலே வெளிய வராது. ரெண்டு பேரும் ஊதக்கரடுங்கற சின்ன மலை மேல இருந்தாங்க. எப்பப் பாத்தாலும் அங்க உஸ்ஸ்ஸ்னு ஊதக்காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால ஊதக்கரடு. பத்துக் குடும்பம், பத்து ஆட்டுப் பட்டி. சிக்கம்மா பட்டியில இருபத்தியொரு ஆடு.

ஆடுன்னா நீ ஞாயித்துக்கிழமை தட்டுல பாக்கற ஆடு இல்ல. அது குறும்பாடு. உடம்பெல்லாம் கருகருன்னு சுருட்டை ரோமம். அந்த ரோமத்தைக் கத்திரிச்சு, நூலா நூத்து, தறியில போட்டு நெய்வாங்க. மழைக்குள்ள நின்னாலும் நனையாத கம்பளி. பங்குனியில ஒரு தடவை, ஆவணியில ஒரு தடவை, வருசத்துக்கு ரெண்டே தடவைதான் கத்திரி எடுப்பாங்க.

அப்போ அந்தக் கரட்டுல ஒரு வழக்கம் இருந்துச்சு. இந்த நாள்ல கத்திரிக்கலாம்னு யாரு நாள் சொல்றாங்களோ, அவங்க முந்தின நாளு தோள்ல எதுவும் போத்தாம ஆட்டோட நிக்கணும். ஆம்பளைன்னா வெறும் வேட்டி. பொம்பளைன்னா ஒத்தைச் சேலை. பொழுது கிளம்பறதுல இருந்து சாயற வரைக்கும் திறந்த வெளியில நிக்கணும். நடுங்காம நின்னுட்டா மறுநாள் கத்திரி. நடுங்கிட்டா, நாளைத் தள்ளி வை. ஏன் சொல்லு?

"ஏன்?"

மறுநாள்ல இருந்து ஆடு அப்படித்தானே நிக்கப் போகுது! எப்பவோ ஒரு தடவை, நாலு பேரு அவசரப்பட்டுக் குளிர்ல கத்திரிச்சுட்டாங்க. விடிஞ்சு பாத்தா முப்பது ஆடு விறைச்சுக் கிடந்துச்சு. அன்னைக்கு வச்ச வழக்கம் அது. நாள் சொல்றது சும்மா வாயால சொல்றது இல்ல, உடம்பால சொல்றது.

சரி, இப்ப ராசா வரலாம்.

கரட்டுக்குக் கீழ ஒரு அரண்மனை. அதுல ஏழு ஊருக்கு ஒரு ராசா. தையில அவரு பொண்ணுக்குக் கல்யாணம். அப்போ ராசாவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. அரண்மனை வாசல்ல இருந்து கல்யாணப் பந்தல் வரைக்கும், மாப்பிள்ளை மிதிச்சு நடந்து வர, தரை பூரா கருப்புக் கம்பளி விரிக்கணும். புதுசா விரிக்கணும். பழசு ஆகாது. யாரு சொன்னாங்க ஆகாதுன்னு? யாரும் சொல்லல. அவருக்கே தோணுச்சு.

அப்புறம் என்ன, ஒரு மார்கழிக் காலையில கரட்டு மேல டமடம டமடமன்னு தண்டோரா.

"இதனால் சகலருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா! மார்கழி பத்தாம் நாள் பத்துப் பட்டியிலயும் ரோமம் கத்திரிச்சு அரண்மனையில சேக்கணும்! ராசா உத்தரவு!" டமடம!

போட்டது அரண்மனைத் தலையாரி. பெரிய மீசை. ஆனா பனியில மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, அதனால மீசைக்கு மரியாதை இல்ல.

மாதையன் மெதுவா சொன்னான், "ஏ புள்ள, உத்தரவாம்."

"காது கேக்குது எனக்கு."

"கத்திரிச்சுக் குடுத்துடலாமா?"

"மார்கழியிலயா? சுட்டி சினையா இருக்கா, மறந்துட்டீங்களா?"

சுட்டிங்கறது ஒரு தாயாடு. உடம்பெல்லாம் கருப்பு, நெத்தியில மட்டும் வெள்ளைப் பொட்டு. தையில குட்டி போடணும். சிக்கம்மாவுக்கு இருபத்தியொண்ணும் பிள்ளைங்கதான், ஆனா சுட்டின்னா உசிரு.

அவ நேரா தலையாரி முன்னால போய் நின்னா. மத்த ஒன்பது பட்டிக்காரங்களும் வாசல்ல நின்னு பாத்தாங்க. சிக்கம்மா கத்திரி எடுத்தா நாமளும் எடுக்கணும், எடுக்கலைன்னா நாமளும் எடுக்க வேண்டாம்னு எல்லாருக்கும் மனசுல ஒரே கணக்கு.

"தலையாரி அண்ணே, நாள் சொன்னது யாரு?"

"ராசாம்மா! வேற யாரு?"

"அப்போ ஒன்பதாம் தேதி காலையில அவரை வரச் சொல்லுங்க. வந்து தோள்ல துணியில்லாம ஆட்டோட நிக்கட்டும். நின்னுட்டாருன்னா பத்தாம் தேதி நானே கத்திரி எடுக்கறேன்."

தலையாரிக்குச் சிரிப்பு தாங்கல. கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. "ராசா வந்து ஆட்டோட நிக்கணுமாம்! ஏ சிக்கம்மா, உனக்குக் கிறுக்கா?"

"அவருக்கு ஒரு வழக்கம், ஆட்டுக்கு ஒரு வழக்கமா? இது இந்தக் கரட்டு வழக்கம். நாள் சொன்னவங்க நிக்கணும். போய் சொல்லுங்க."

தலையாரி போய்ச் சொன்னாரா? சொல்லல. எப்படிச் சொல்லுவாரு? மீசையை முறுக்கிக்கிட்டு, மூக்கைத் துடைச்சுக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு. தூங்கிட்டியா?

"இல்ல. ம்."

ஒன்பதாம் தேதி வந்துச்சு. ராசா வரல. பத்தாம் தேதி வந்துச்சு. தலையாரி வந்தாரு, கூட நாலு காவக்காரங்க, இன்னும் ரெண்டு பேரு. அந்த ரெண்டு பேரு யாருன்னா, ராசாவுக்கு முடி வெட்டற அரண்மனை நாவிதருங்க. தலையில பட்டு உறுமால் கட்டி, மின்னற கத்திரி வச்சுக்கிட்டு வந்தாங்க. நீ கத்திரிக்காட்டி என்ன, நாங்களே கத்திரிக்கறோம்னு வந்துட்டாங்க.

சிக்கம்மா பட்டி வாசல்ல கையை விரிச்சு நின்னா. "உள்ள யாரும் வரக்கூடாது."

காவக்காரங்க நாலு பேரும் வந்து அவளையும் மாதையனையும் ஓரமா இழுத்து நிறுத்திட்டாங்க. அவ கத்தினா பாரு ஒரு கத்து, கீழ அரண்மனையில காக்கா பறந்துச்சாம்.

அப்போ நாவிதருங்க ஒரு ஆட்டைப் பிடிக்கணுமே? எதைப் பிடிச்சாங்க தெரியுமா? எது ஓட முடியாம நிக்குதோ அதை. வயித்தைத் தூக்க முடியாம நின்ன சுட்டியை.

ஒருத்தரு கழுத்தைப் பிடிச்சாரு. ஒருத்தரு கத்திரி வச்சாரு. கரக். கத்திரி நகரல. கரக், கரக். ஏன் நகரும்? கத்திரிக்கறதுக்கு முன்னாடி ஆட்டைக் குளத்துல இறக்கித் தேச்சுக் கழுவணும். அப்புறம் மூணு நாளு வெயில்ல, மண்ணு படாத பாறை மேல நிறுத்திக் காய வைக்கணும். ஒட்டுப்புல்லு, முள்ளு எல்லாத்தையும் கையால உருவி எடுக்கணும். ஆட்டு ரோமத்துல இயற்கையாவே ஒரு எண்ணெய்ப் பிசுக்கு. அதுல மண்ணு, புழுக்கை, பனி ஈரம். அதுக்குள்ள ராசா தாடியை வெட்டற கத்திரியை விட்டா? ஒரு பக்க விலாவை வெட்டறதுக்குள்ள ரெண்டு கத்திரியும் பல்லிளிச்சுடுச்சு.

சுட்டி ம்மேஏஏன்னு அழுதா. அவ அழறதைக் கேட்டு, மூலையில நின்ன கிடா தலையைக் குனிஞ்சுது. ரெண்டு காலு பின்னால வச்சுது. அப்புறம் டமார்! ஒரு நாவிதரு வேலியில. திரும்பி வந்து டமார்! இன்னொருத்தரு சாணியில. உறுமால் எங்கேயோ, கத்திரி எங்கேயோ. தலையாரி அள்ளின வரைக்கும் போதும்னு ஈர ரோமத்தைச் சாக்குல திணிச்சுக்கிட்டு, தடதடதடன்னு கரட்டை விட்டு ஓடினாரு, காவக்காரங்களும் அவரு பின்னாலயே ஓடினாங்க.

"கிடா தலையாரியை முட்டலையா?"

முட்டறதுக்குள்ள ஓடிட்டாருடி. எனக்கும் வருத்தம்தான்.

ஆனா சிரிக்க நேரம் இல்ல. சுட்டிக்கு இடது பக்கம் விலா பூரா மொட்டை. தோலு தெரியுது. பனிக்காத்து உஸ்ஸ்ஸ்னு அதுல அடிக்குது. அவ கிடுகிடுன்னு நடுங்கறா. சிக்கம்மா ஓடி வந்தா. அழுதா. நான் பொய் சொல்ல மாட்டேன், பிடிவாதக்காரிங்களும் அழுவாங்க. அழுதுக்கிட்டே தன் தோள்ல இருந்த கம்பளியை உருவி, சுட்டி முதுகுல போட்டு, வயித்துக்குக் கீழ கயித்தால கட்டினா.

மாதையன் தன் கம்பளியை நீட்டினான். "இந்தா, நீ போத்திக்க."

"வேண்டாம்."

"செத்துப் போயிடுவ புள்ள."

"அவளுக்கு எப்படிக் குளிருதுன்னு எனக்குத் தெரியணும். இல்லாட்டி நாளைக்கு யாராவது வந்து நாலு நல்ல வார்த்தை பேசினா மனசு மாறிடுவேன். மாறக்கூடாது."

அன்னையில இருந்து ஒத்தைச் சேலையோடதான் ஆடு மேச்சா. பல்லைக் கடிச்சுக்கிட்டு மேச்சா.

"ம்."

அப்புறம், அந்தச் சாக்கு என்ன ஆச்சு? அரண்மனை மூலையில கிடந்துச்சு. ஈர ரோமத்தைக் கட்டி வச்சா உள்ளுக்குள்ள புழுங்கிச் சூடேறிடும் கண்ணு. மூணு நாள் கழிச்சு ராசா வந்தாரு. "என் கம்பளி ரோமத்தைக் காட்டுடா!" தலையாரி சாக்கைப் பிரிச்சாரு. உவ்வே! அரண்மனையில எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. ராசா மூஞ்சி செவந்து போச்சு.

"என்னடா இது?"

அப்போதான் தலையாரி நடுங்கிக்கிட்டே எல்லாத்தையும் சொன்னாரு. நாள் சொன்னவரு வந்து நிக்கணும்னு அந்தப் பொம்பளை சொன்னதையும் சேத்துச் சொன்னாரு.

"நான் நிக்கணுமா? நானா? ஒரு பகல் என்னடா, ஒன்பது பகல் நிப்பேன்! நின்னு காட்டிட்டு, அத்தனை ஆட்டையும் அங்கேயே மொட்டை அடிக்கறேன்! குதிரையைக் கொண்டா!"

வந்துட்டாரு கண்ணு. மறுநாள் பொழுது கிளம்பறப்போ வந்துட்டாரு. உள்ள ஒரு பட்டுச் சட்டை, அது மேல ஒரு சால்வை, அது மேல இன்னொரு சால்வை. தலையில கிரீடம், கழுத்துல துண்டு, காதுல பஞ்சு. பின்னால தலையாரி, புதுக் கத்திரிங்க ஒரு கூடை. பத்துக் குடும்பமும் வேலியோரமா கூடிடுச்சு.

சிக்கம்மா கும்பிட்டா. கும்பிட்டுட்டுச் சொன்னா, "வாங்க ராசா. சால்வையைக் கழட்டுங்க."

"தெரியும், தெரியும்." ஒண்ணைக் கழட்டினாரு.

"அதையும்."

ரெண்டாவதையும் கழட்டினாரு.

"சட்டையையும். ஆடு சட்டை போடறதில்ல ராசா."

எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. ராசா சட்டையையும் கழட்டிட்டு, வெறும் வேட்டியோட, நெஞ்சை நிமித்தி ஆட்டு நடுவுல போய் நின்னாரு. சிக்கம்மாவும் ஒத்தைச் சேலையோட பக்கத்துல போய் நின்னா.

"நீ எதுக்கு நிக்கற?"

"நீங்க நடுங்கறீங்களா இல்லையான்னு கிட்ட இருந்து பாக்கணும்ல."

முதல் நாழிகை. ராசா மரம் மாதிரி நின்னாரு. ஊதக்காத்து உஸ்ஸ்ஸ்னு வந்துச்சு. "இதெல்லாம் ஒரு காத்தா?"ன்னாரு.

ரெண்டாவது நாழிகை. வானம் மூடிக்கிச்சு. பொசுபொசுன்னு தூறல். ராசா ஒத்தைக் கால்ல நின்னாரு, அப்புறம் மத்தக் கால்ல நின்னாரு. கையை அக்குள்ல சொருகிக்கிட்டாரு. சிக்கம்மா உதடு நீலமாயிடுச்சு, ஆனா அசையல. மாதையன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு சாமிக்கெல்லாம் வேண்டிக்கிட்டான்.

மூணாவது நாழிகை. தூறலும் காத்தும் சேந்துக்கிச்சு. அப்போ பல்லு கடகடகட, முழங்காலு வெடவெடவெட. யாரோடது?

"ராசாவோடது!"

ராசாவோடதேதான். ஆனா வீம்பு விடுமா? பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்க இங்க பாத்தாரு. ஆடெல்லாம் காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு நெருக்கமா ஒட்டி நின்னுச்சு. ராசா மெதுவா ஒரு அடி பின்னால வச்சாரு. இன்னும் ஒரு அடி. ஆட்டு மேல இடுப்பு பட்டுச்சு. சூடா இருந்துச்சு. கையை ரோமத்துக்குள்ள விட்டாரு. ஆகா! அப்படியே குனிஞ்சு, முட்டி போட்டு, ஆட்டு நடுவுல புகுந்து, முட்டின அதே கிடாவோட கழுத்தைக் கட்டிப் பிடிச்சு, மூஞ்சியை ரோமத்துல புதைச்சுக்கிட்டாரு. வெளிய பாத்தா கிரீடம் மட்டும்தான் தெரியுது.

"கிடா முட்டலையா?"

முட்டல. குளிருக்கு ஒண்டினவங்களை ஆடு முட்டாது. மனுசங்கதான் அதெல்லாம் பண்ணுவாங்க.

சிக்கம்மா நடந்து போய் கிரீடத்துக்குப் பக்கத்துல நின்னா. குளிர்ல குரல் உடையுது அவளுக்கு. ஆனாலும் பத்துப் பட்டிக்கும் கேக்கற மாதிரி கேட்டா.

"சூடா இருக்கா ராசா?"

"ம்ம்ம்."

"அந்த ரோமத்தைத்தான் வெட்டச் சொன்னீங்க. உங்களுக்கு இறங்கிப் போனா அரண்மனை இருக்கு. அதுங்களுக்கு இது ஒண்ணுதான் வீடு. அதைப் பிரிச்சு, மாப்பிள்ளை கால்ல போடணுமா? இப்பச் சொல்லுங்க. நாள் சொன்னவரு நீங்க. வெட்டலாமா?"

தலையாரிக்கு ஒண்ணும் புரியல பாவம், ராசாவுக்கு உதவி பண்றோம்னு கத்திரியை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாரு. "உத்தரவு குடுங்க ராசா! இதோ, முதல்ல இந்தக் கிடா!" கச்சக் கச்சக்.

அப்போ ஆட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாரு: "கிட்ட வராதடா! கத்திரியைத் தூரப் போடுடா படுபாவி! குளுருதுடா!"

பத்துப் பட்டியும் கொல்லுன்னு சிரிச்சுது. மாதையன் சிரிச்சான் பாரு, அன்னைக்குத்தான் அவனுக்கும் குரல் இருக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுது.

சிக்கம்மா சிரிக்கல. "நாளைத் தள்ளி வைக்கறோம்"னா. அவ்வளவுதான் சொன்னா. ராசா சால்வையை வாரிச் சுத்திக்கிட்டு, யாரு மூஞ்சியையும் பாக்காம இறங்கிப் போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் அவ காலு மடங்கி உக்காந்தா. மாதையன் ஓடி வந்து தன் கம்பளியைப் போத்தினான். இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லல.

தூக்கம் வருதா?

"ம்... இல்ல. கல்யாணம்?"

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. கோரைப் பாய் விரிச்சாங்க. மாப்பிள்ளை காலு ஒண்ணும் தேஞ்சு போகல. தை பிறந்துச்சு, சுட்டி குட்டி போட்டா. பொட்டைக் குட்டி. பிறந்த அன்னைக்கே எழுந்து நின்னு, கீழ விழுந்து, மறுபடி எழுந்து நின்னுச்சு.

அப்புறம் பங்குனி வந்துச்சு. சிக்கம்மா நாள் சொன்னா. சொன்னவதானே நிக்கணும்? நின்னா. வெயில் சுள்ளுன்னு அடிச்சுது, வேர்த்துக் கொட்டிச்சு, "இது நாளு!"ன்னா. ஆனா ஆட்டையெல்லாம் அதுக்கு முன்னாடியே குளத்துல இறக்கி, சளப் சளப்னு தேச்சுக் கழுவி, மூணு நாளு பாறை மேல காய வச்சு, முள்ளெல்லாம் உருவி வச்சிருந்தாங்க. மறுநாளு கச்சக் கச்சக் கச்சக். சட்டை கழட்டற மாதிரி ரோமம் அப்படியே கழண்டு வருது. சுட்டிக்கு மட்டும் ஒரு பக்கம் குட்டையா இருந்துச்சு, அவளை அந்தத் தடவை விட்டுட்டாங்க.

அப்புறம் கழுத்து ரோமம் தனி, வயித்து ரோமம் தனின்னு பிரிச்சாங்க. வில்லுல வச்சு அடிச்சாங்க, டொய்ங் டொய்ங். ரோமம் புசுபுசுன்னு பஞ்சாயிடுச்சு. ராட்டையில நூத்தாங்க, கிர்ர்ர், கிர்ர்ர். புளியங்கொட்டையை அரைச்சுக் கஞ்சி காய்ச்சி, நூல் மேல தடவி, தறியில ஏத்தி, டக்கு டக்கு, டக்கு டக்கு. முதல் கம்பளி தறியை விட்டு இறங்கிச்சு. கெட்டியா, கருகருன்னு, தண்ணி ஊத்தினா உருண்டு ஓடும்.

அன்னைக்குக் கம்பளி வாங்க வந்தவங்க நாலு பேரு வரிசையில நின்னாங்க. ஒரு உழவன், ஒரு வண்டிக்காரன், ரெண்டு மேய்ப்பனுங்க. அஞ்சாவதா ஒருத்தரு மூச்சு வாங்க மேல வந்தாரு. குதிரை இல்ல, தலையாரி இல்ல. நடந்தே வந்திருக்காரு.

சிக்கம்மா தறியை விட்டு எழுந்திருக்கல. "என்ன வேணும் ராசா?"

"கம்பளி."

"எத்தனை?"

"ஒண்ணு."

"மிதிக்கவா, போத்திக்கவா?"

ராசா தரையைப் பாத்தாரு. அப்புறம் நிமிந்து அவ மூஞ்சியைப் பாத்தாரு.

"போத்திக்க."

"அப்படின்னா உண்டு"ன்னா சிக்கம்மா. "நாலு பேரு முன்னாடி இருக்காங்க. அவங்களுக்குப் பின்னால நில்லுங்க."

ராசா போய் நின்னாரு.

...கண்ணு? ம் சத்தத்தையே காணோம். சரி, சரி. கதைக்குக் கதவு சாத்தியாச்சு, நீ கண்ணைச் சாத்து.